கறுப்புப் பொட்டுத் தீர்மானம்

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகிற சாலையில் ஓர் ஊர். பஸ்காரன் மனசு வைத்தால் நிறுத்துவான். பெயர் வேண்டாம். சொன்னால் அங்கே இருக்கிற சங்கம் எனக்குக் கண்டனத் தீர்மானம் போட்டுவிடும். அதையும் ஒருமனதாகப் போடும். அந்தச் சங்கத்தில் எதுவும் இருமனதாக நடந்ததாக வரலாறு இல்லை.

சங்கத்தின் முழுப் பெயர் ‘வட்டாரத் தீப்பெட்டி உற்பத்தியாளர் மற்றும் உலக நியாயப் பாதுகாப்புச் சங்கம்’. தீப்பெட்டித் தொழிற்சாலையை அங்கே ஆபீஸ் என்பார்கள்; அந்த ஆபீஸ் முதலாளிகள் ஆரம்பித்தபோது முதல் பாதி மட்டும்தான் இருந்தது. பரமசிவன் சார் வாத்தியார் வேலையில் ரிட்டையராகி, வீட்டில் இருப்புக்கொள்ளாமல் செயலாளராக வந்து சேர்ந்த பிறகு, உலக நியாயமும் வந்து ஒட்டிக்கொண்டது. தலைவர் குருசாமி அண்ணாச்சி. இரண்டு தீப்பெட்டி ஆபீஸ், ஓர் எண்ணெய்ச் செக்கு, எந்தக் கூட்டத்திலும் மூன்றாவது வாக்கியத்தில் தழுதழுத்துவிடுகிற தொண்டை, இவைதான் அவருடைய சொத்து.

சங்கக் கட்டடத்தின் முகப்பு அறையில் மாயகிருஷ்ணன் டீக்கடை வைத்திருந்தார். ஆட்டுக்கிடை போட்டுப் பிழைத்த குடும்பம். மழை ஏமாற்றிய ஒரு வருசம் ஆடுகளை விற்றுவிட்டுப் பாய்லர் வாங்கினார். இடம் சங்கத்துடையது. ‘இறங்கு’ என்று அண்ணாச்சி ஒரு சொல் சொன்னால் பாய்லரைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான். மற்றபடி, அவர் வாழ்க்கையில் அவரே நம்ப முடியாத ஒரு சம்பாத்தியம் மகள் பானு. கோவில்பட்டிக் கல்லூரியில் இங்கிலீஷ் படித்தாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கடைக்கு வந்து, அப்பா கையால் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். அதற்காகவே மாயகிருஷ்ணன் பாலாடையை எடுத்துத் தனியாக வைத்திருப்பார்.

அந்தக் கடையில் டீ குடிக்க இரண்டு முறை உண்டு. ஊர்க்காரர் என்றால் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து, கொடுக்கிற தம்ளரில் குடித்துவிட்டு எழுந்து போகலாம். காலனிக்காரர் என்றால் வெளிச்சுவரில் அடித்திருக்கிற பலகையில் கவிழ்த்துவைத்த தம்ளரைத் தாமே எடுத்து, டிரம் தண்ணீரில் அலசி, நீட்ட வேண்டும். மாயகிருஷ்ணன் கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். உடைமரத்தடியில் நின்று குடித்து, தாமே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். உள்ளதும் வெளியதும் கலந்துவிடக் கூடாது என்று வெளித் தம்ளர் ஒவ்வொன்றின் அடியிலும் கறுப்பு பெயிண்டில் ஒரு பொட்டு வைத்திருந்தார். இதெல்லாம் அவர் கண்டுபிடித்ததில்லை. டீக்கடை என்றால் இப்படித்தான் என்று இருந்தது, அவரும் வைத்தார்.

காலனியிலிருந்து தினமும் வருகிற சோலைச்சாமி, அவரோடு சின்ன வயதில் ஆடு மேய்த்தவர். ஒரே ஓடைப் பள்ளத்தில் இரண்டு பேரும் குப்புறப் படுத்துத் தண்ணீர் குடித்திருக்கிறார்கள். அப்போது ‘ஏ மாயா’. இப்போது, விளிம்பு உடைந்த ஒரு தம்ளரைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, “அண்ணாச்சி, ஒரு டீ” என்று வெளியே நின்று கேட்பார். அந்த ‘அண்ணாச்சி’ காதில் விழும்போது மட்டும் மாயகிருஷ்ணனுக்கு உள்ளே என்னவோ உறுத்தும். பாய்லர் சூட்டில் அது மறந்தும் போகும்.

1991 ஆனி மாதக் கடைசி. புழுதிக் காற்றோடு பரமசிவன் சார் பேப்பரை ஆட்டிக்கொண்டு வந்தார்.

“அண்ணாச்சி, குடி கெட்டுது. தென்னாப்பிரிக்கா மேல போட்ட தடைய அமெரிக்காக்காரன் எடுத்துட்டான்.”

“நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?” என்றார் குருசாமி அண்ணாச்சி.

அன்றே அவசரக் கூட்டம். சார் எல்லோருக்கும் விளங்கும்படி எடுத்துச் சொன்னார். அந்த நாட்டில் வெள்ளைக்காரன் ஆட்சி. கறுப்பருக்குத் தனிப் பெஞ்சு, தனிக் குழாய், தனி வாசல். அதற்கு அபார்த்தைட் என்று பெயர். அதை அந்த அரசாங்கம் ஒழிக்கிற வரைக்கும் யாரும் அதனோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளாமல் நெருக்க வேண்டும். வேலை முடிகிற நேரத்தில் பிடியை விட்டால் இத்தனை வருசம் பிடித்தது வீண். சார் சொன்னது அத்தனையும் நியாயம். அந்தச் சங்கத்தில் சொல்லப்பட்ட ஒரே நியாயமும் அதுதான்.

டீ கொண்டுவந்த மாயகிருஷ்ணன் தட்டோடு நின்று கேட்டார். அவருக்கு ஒரு சந்தேகம்.

“சார், அங்கன வெளி கிளாசை யாரு கழுவுவா? குடிச்சவியளேயா?”

“எந்த வெளி கிளாஸ்?”

“இல்ல, தனியா வச்சிருப்பாவல்லா, அது.”

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். “ஏலே, இது உலக விவகாரம். நீ டீயக் குடு” என்றார் அண்ணாச்சி. மாயகிருஷ்ணன் கொடுத்தார். ஆனால் அன்று கடைக்குத் திரும்பி, சோலைச்சாமிக்கு உயரத்திலிருந்து ஊற்றிவிட்டு, அவர் தம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தடையை நீட்டிப்பதென்று ஒருமனதாக முடிவாயிற்று. அதன் பிறகுதான் சிக்கல். நீடிக்க வேண்டுமென்றால் சங்கத்துக்கும் அந்த நாட்டுக்கும் ஏதாவது வியாபாரம் இருக்க வேண்டுமே! ஒரு தீக்குச்சிகூடப் போனதில்லை. முதலாளிகளில் ஒருவரான நந்தகோபால் ஒரு யோசனை சொன்னார்.

“மொதல்ல ஒரு லோடு தீப்பெட்டி அனுப்பி வைப்போம். அவிய உரசிப் பழகட்டும். நல்லாப் பழகின பெறவு டக்குன்னு நிறுத்துவோம். அப்பத்தான் வலிக்கும்.”

எல்லோரும் கை தட்டினார்கள். அனுப்பினால் அதுவே தடையை மீறியதாகிவிடும் என்று சாருக்கு மறுநாள்தான் உறைத்தது. அதனால் அனுப்பாமலே நிறுத்திவிட்டதாக இன்னொரு தீர்மானம் போட்டார்கள். உலகம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? ஆப்பிரிக்காக் கண்டத்துக்குப் பூட்டுப் போட்ட மாதிரி ஒரு லேபிள் அடித்துத் தீப்பெட்டியில் ஒட்டினார்கள். படம் வரைந்தவர் ஆப்பிரிக்காவைப் பார்த்ததில்லை. சனங்கள் கடையில் ‘ஆட்டுத்தொடை மார்க்’ என்று கேட்டு வாங்கினார்கள். சங்கம் நம்பிக்கை இழக்கவில்லை.

ஆவணியில் மாநாடு என்று நாள் குறித்தார்கள். மதுரையில் தென்னாப்பிரிக்கப் பையன் ஒருவன் படிக்கிறான், பெயர் சிபோ, அவனே சிறப்பு விருந்தினர். அவனோடு இங்கிலீஷ் பேச ஆள் வேண்டுமே? பரமசிவன் சாருக்கு இங்கிலீஷ் எழுத வரும், பேச வராது. “நம்ம மாயகிருஷ்ணன் மக இருக்காள்லா” என்று அண்ணாச்சியே சொன்னார். மாயகிருஷ்ணனுக்குப் புல்லரித்துவிட்டது. டீக்கடைக்காரன் மகள் மேடையில்! வீட்டில் மனைவி செண்பகவல்லி மகளுக்கு அன்றே புதுத் தாவணி எடுத்துவைத்தாள்.

மாநாட்டுக்கு ஏழெட்டு நாள் இருக்கும்போது ஒரு பெரிய பிரச்சினை கிளம்பியது. சிபோவுக்கு எந்தத் தம்ளரில் டீ?

“வெளிநாட்டு ஆளு. பாஸ்போர்ட் இருக்கு. உள்ள கிளாசுதான்” என்றார் ஒருவர்.

“அவிய நாட்டுல அவரு என்ன ஆளுங்களோ, யாருக்குத் தெரியும்? பெறவு ஊருல நாலு பேரு நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசப்படாது” என்றார் நந்தகோபால்.

“கேட்டு எழுதலாமா?” என்றார் சார்.

“சே! கறுப்பு மனுசன்கிட்டப் போயி அதைக் கேக்கதா? மனசாட்சி வேண்டாமா?” என்று அண்ணாச்சி கண் கலங்கினார். கலங்கிய கண்ணோடு அவரே வழியும் சொன்னார். சிபோவுக்குப் புது எவர்சில்வர் தம்ளர் ஒன்று வாங்குவது. குடித்து முடித்ததும் அதையே நினைவுப் பரிசாக அவன் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது. அவனுக்கும் மரியாதை, அதில் அப்புறம் வேறு யாரும் குடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. இந்த ஏற்பாட்டின் நேர்த்தியை நினைத்து நினைத்துச் சங்கம் ஒரு நாள் முழுக்கச் சந்தோசப்பட்டது.

அதே கூட்டத்தில் சார் ஒன்று சொன்னார். கறுப்பு மக்களோடு நாமும் ஒன்று என்று காட்ட, அன்றைக்குப் புழங்குகிற எல்லாப் பொருளிலும் கறுப்புப் பொட்டு வைப்பது. நாற்காலி, மைக், தம்ளர், எல்லாவற்றிலும்.

மாயகிருஷ்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அண்ணாச்சி, கிளாசுல வேண்டாம். ஏற்கெனவே வெளிய இருக்கதுல…”

“குறுக்க பேசாத. எல்லா கிளாசுலயும்னா எல்லா கிளாசுலயும்தான். ஒருமைப்பாட்டுல என்னலே உள்ள வெளிய?”

மாயகிருஷ்ணன் பானுவிடம் சொல்லியே பெயிண்ட் வாங்கிவரச் செய்தார். உள் தம்ளர் அத்தனைக்கும் அடியில் பொட்டு வைத்தார். வெளித் தம்ளர்களைத் தனியாக ஒரு சாக்கில் கட்டி வைத்தார். சங்கத்து ஆணையையும் மீறவில்லை, ஊர் முறையையும் மீறவில்லை என்று அவருக்கு நிம்மதி. பானு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாநாட்டன்று சங்கத்து முன்னால் பந்தல். கறுப்பர் விடுதலைக் கூட்டம் என்பதால் காலனி சனமும் கட்டாயம் வர வேண்டும் என்று அண்ணாச்சி ஆள் அனுப்பியிருந்தார். வந்தவர்களுக்குப் பந்தலின் கடைசியில் கயிறு கட்டி, ‘சிறப்புப் பகுதி’ என்று அட்டை தொங்கவிட்டிருந்தது. சோலைச்சாமி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடையில் சிபோ. ஒல்லியான பையன், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். பக்கத்தில் பானு.

உள் தம்ளர் மேடைக்கும் முன்வரிசைக்கும், சாக்குத் தம்ளர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் என்று மாயகிருஷ்ணன் பிரித்துத்தான் கொடுத்தார். முதல் சுற்று முடிந்ததும் காலித் தம்ளர் எல்லாம் டிரம்முக்குத் திரும்பி வந்தன. அங்கே கழுவிக்கொண்டிருந்தது செண்பகவல்லி. அவசரம். ஒரே தண்ணீரில் முக்கி, ஒரே தட்டில் அடுக்கிவிட்டாள். பின்னால் கேட்டதற்கு, “எதை எடுத்தாலும் பொட்டு இருக்கு. நா என்னத்தக் கண்டேன்?” என்றாள். அதுவும் நியாயம்தானே!

இரண்டாவது சுற்று டீயோடு அண்ணாச்சி பேச எழுந்தார்.

“நண்பர்களே! அந்தப் பாழாய்ப் போன நாட்டிலே, ஒரு மனிதன் உட்கார்ந்த பெஞ்சிலே இன்னொரு மனிதன் உட்காரக் கூடாதாம்! ஒருவன் குடித்த குழாயிலே இன்னொருவன் வாய் வைக்கக் கூடாதாம்! கேட்கும்போதே என் உடம்பு கூசுகிறது. தாகத்திலே ஏதய்யா பேதம்? எச்சிலிலே ஏதய்யா உயர்வு தாழ்வு? இதைச் செய்கிறவன் மனிதனா?”

தொண்டை தழுதழுத்தது. டீயை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். உதட்டில் ஏதோ கீறியது. தம்ளரைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த நந்தகோபாலும் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் சும்மா இருந்திருக்கலாம். மைக் பக்கத்தில் இருப்பதை மறந்து சொன்னார்.

“அண்ணாச்சி, இந்த வாய் உடைஞ்ச கிளாஸ் காலனிச் சோலைச்சாமி கிளாசுல்லா?”

பந்தல் முழுக்கக் கேட்டது. அண்ணாச்சி வாயில் இருந்ததை அங்கேயே துப்பினார். மேடையில் இருந்த அத்தனை பேரும் தத்தம் தம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் பொட்டு. எது உள்ளே உள்ளது, எது வெளியே உள்ளது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. பரமசிவன் சார் தொண்டைக்குள் விரலை விட்டார். உலக நியாயப் பாதுகாப்புச் சங்கம் மொத்தமும் மேடையை விட்டு இறங்கி டிரம்மைப் பார்த்து ஓடியது. ஒரே டிரம், இருபது வாய். அத்தனையும் கொப்பளிக்கிற சத்தம் மைக்கில் கேட்டது.

சிபோ எழுந்து நின்று பானுவிடம் ஏதோ கேட்டான். அண்ணாச்சி ஈரத் தாடையோடு ஓடிவந்தார்.

“யம்மா, டீயில பல்லி விழுந்துட்டுன்னு சொல்லு.”

பானு அசையவில்லை. மேடைக்குக் கீழே தட்டோடு நின்ற அப்பாவைப் பார்த்தாள். அண்ணாச்சியும் அவரைத்தான் பார்த்தார். மாயகிருஷ்ணன் கண்ணுக்கு முன்னால் கடை வந்தது, பாய்லர் வந்தது, சோறு வந்தது. நாக்கு தானாகப் புரண்டது.

“அதான் சொல்லுதாவல்லா. பல்லின்னே சொல்லிரு தாயி.”

அதுவும் மைக்கில் போயிற்று. பானு சிபோ பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேசினாள். வெளிச்சுவர்ப் பலகையைக் காட்டினாள், கயிற்றைக் காட்டினாள், தம்ளரின் அடியைக் காட்டினாள், அவன் கையில் இருந்த எவர்சில்வரையும் காட்டினாள். ஒரு பல்லிக்கு அவ்வளவு இங்கிலீஷ் தேவைப்படாது. மாயகிருஷ்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் ஒரே ஒரு சொல் புரிந்தது. ஆனி மாதத்திலிருந்து டீத்தட்டோடு நின்று நின்று கேட்ட சொல். அபார்த்தைட்.

சிபோவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. மேசை மேல் அண்ணாச்சி போட்டுவிட்டுப் போன வாய் உடைந்த தம்ளரை எடுத்தான். தன் எவர்சில்வரில் இருந்த டீயை அதில் ஊற்றிக் குடித்தான். இறங்கி வந்து, கொப்பளித்துக்கொண்டிருந்தவர்களை விலக்கி, அதைக் கழுவிப் பலகையில் கவிழ்த்தான். மாயகிருஷ்ணன் பக்கத்திலேயே நின்றார். அவமானத்தில் அவருக்கு அப்படியே கரிசல் வெடிப்புக்குள் போய்விட மாட்டோமா என்று இருந்தது.

அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு மீண்டும் மைக்கைப் பிடித்தார். உலகில் கடைசிப் பாகுபாடும் ஒழியும் வரை தடை நீடிக்க வேண்டும் என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எவர்சில்வர் தம்ளர் மேடையிலேயே கிடந்தது. பையன் அதைத் தொடவில்லை.

மறுநாள் சங்கம் கூடி, சந்தேகத்துக்கு இடமான எல்லாத் தம்ளரையும் வெளிப்பலகைக்கு அனுப்பியது. உள்ளே புதுத் தம்ளர் வந்தது. காலனிக்காரர்கள் குடிக்க இப்போது ஊர்ப்பட்ட தம்ளர் இருந்தது. சோலைச்சாமி மட்டும் கடைப்பக்கம் வருவதில்லை.

சங்கம் கூடிய அன்று சாயங்காலம் பானு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். உள்ளே வரவில்லை. பலகையிலிருந்து ஒரு தம்ளரை எடுத்து, அலசி, நீட்டினாள்.

“ஏட்டி, என்ன இது? உள்ள வா.”

“இங்கனயே ஊத்துங்க.”

மாயகிருஷ்ணன் பாத்திரத்தை எடுத்தார். பழகிய கை தானாக உயரே போனது. உயரத்திலிருந்து, கை படாமல், பெற்ற மகளுக்கு ஊற்றினார். பாதியில்தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது. அவள் உடைமரத்தடியில் நின்று குடித்து, கழுவிக் கவிழ்த்தாள்.

“எத்தனை நாளைக்குட்டி இப்படி?”

“ஒங்க சங்கத்துலயே சொன்னாவல்லாப்பா. ஒழியுத வரைக்கும்.”

தினமும் வந்தாள். தினமும் வெளியே நின்றாள். வீட்டில் சாதாரணமாகப் பேசுவாள். கடையில் மட்டும் அந்தத் தம்ளர்தான். எடுத்துவைத்த பாலாடையைப் பூனை தின்றது. பெஞ்சில் இருப்பவர்கள், “ஒம்மவள எப்பவே காலனில சேத்த?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டார்.

“சங்கத்து மானம் போகுது. ஒம்மவ உள்ள வரணும், இல்ல கடைக்கே வரப்படாது. இல்லைன்னா நீ எறங்கிக்கிட வேண்டியதுதான்.”

மாயகிருஷ்ணன் தலையை ஆட்டிவிட்டு வந்தார். ராத்திரி தூக்கம் இல்லை. இறங்கச் சொன்னதைவிட, தலையை ஆட்டியதுதான் அவரைத் தின்றது.

புரட்டாசி பிறந்து முதல் மழை தூறிய ஒரு பிற்பகல். பஸ் வருவதற்கு முன் மாயகிருஷ்ணன் கடப்பாரையை எடுத்துப் பலகையை நெம்பிப் பெயர்த்தார். வெளித் தம்ளரும் உள் தம்ளரும் ஒரே தட்டுக்குப் போயின. பஸ்ஸை விட்டு இறங்கிய பானு சுவரைப் பார்த்தாள். உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். குடித்துவிட்டு, “ஆடை நெறைய இருக்குப்பா” என்றாள்.

சங்கம் உடனே கூடியது. மாயகிருஷ்ணன் கடையில் யாரும் டீ குடிக்கக் கூடாது, பால் ஊற்றக் கூடாது, விறகு போடக் கூடாது. மாதம் முடிந்ததும் இடத்தைக் காலி செய்ய வேண்டும். வியாபாரம் இல்லாத சிக்கல் இந்தத் தடையில் இல்லை. விடிவதற்குள் அமலுக்கு வந்துவிட்டது. சங்கத்தின் சரித்திரத்தில் முழுசாகப் பலித்த தடை அது ஒன்றுதான். பரமசிவன் சாரே அதை ஆண்டறிக்கையில் பெருமையாகக் குறிப்பிட்டார்.

காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு மாயகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். செண்பகவல்லி, விற்காமல் வீட்டில் வைத்திருந்த ஒற்றை ஆட்டைக் கறந்து கொண்டுவந்த பால் கொஞ்சம் இருந்தது. அப்போது சோலைச்சாமி வந்தார். வாசலில் நின்று, சுவரில் ஆணி பெயர்ந்த ஓட்டைகளைப் பார்த்தார்.

“உள்ள வா சோலை.”

வந்தார். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். மாயகிருஷ்ணன் தம்ளரைக் கையில் கொடுத்தார். அவர் வாங்கிக் குடித்துவிட்டு, பழக்கத்தில் டிரம் பக்கம் எழுந்தார்.

“வையி. நாங் கழுவுதேன்.”

சோலைச்சாமி கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகவில்லை.

“ஏ மாயா” என்றார். எத்தனையோ வருசம் கழித்து அந்தப் பெயர். “அன்னைக்குப் பானுகிட்ட, டீயில பல்லி விழுந்துட்டுன்னு சொல்லச் சொன்னியே. மைக்குல கேட்டுது. கிளாஸ் என் கிளாசு. அப்பம் அந்தப் பல்லி யாரு, நாந்தானா?”

கோபமாகக் கேட்கவில்லை. நாளைக்கு மழை இருக்குமா என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

மாயகிருஷ்ணன் குனிந்து தம்ளரைத் தண்ணீரில் முக்கிக் கழுவினார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது. நிமிர்ந்தால் சோலைச்சாமியின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதால் கழுவிக்கொண்டே இருந்தார்.